மாட்டுக்கு நாலு வயிறு

"வெள்ளிக்கிழமை தோறும் எங்கள் தெருப் பசுவுக்கு ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல் வைப்பது வழக்கம். போன வாரம் தின்ற மறுநாளே அது படுத்துவிட்டது. அதன் பாலை விற்றுத்தான் ஒரு அம்மாள் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். பொங்கலாலா இருக்கும்?" என்று ஒரு சகோதரி மனம் நொந்து எழுதியிருக்கிறார்.

மாட்டைப் பார்க்காமல் நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் நடக்கக் கூடியதுதான்.

மாட்டுக்கு நாலு வயிறு என்று எங்கள் பாட்டி சொல்லுவாள். உண்மையில் வயிறு ஒன்றுதான். அதற்குள் நாலு அறைகள். முதல் அறை இருக்கிறதே, அது ராட்சத அறை. பெரிய பசுவுக்கு 100 லிட்டருக்கு மேல் கொள்ளும். இடது பக்கம் முழுவதையும் அதுவே அடைத்துக் கொண்டிருக்கும். அங்கே ஜீரண நீர் சுரப்பதில்லை. கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருந்து, வைக்கோலையும் புல்லையும் நொதிக்க வைத்துச் சத்தாக்கித் தருகின்றன. நம் வீட்டு இட்லி மாவு புளிக்கிறதே, ஏறக்குறைய அந்த மாதிரிதான். தின்றதைத் திரும்ப வாய்க்குக் கொண்டு வந்து, நாளில் ஏழெட்டு மணி நேரம் மாடு அசை போடுகிறது. அப்போது ஊறும் எச்சிலில் சோடா உப்பு கலந்திருக்கிறது. நாளொன்றுக்கு 100 லிட்டர் கூடச் சுரக்கும் என்றால் நம்புவீர்களா? வயிற்றுப் புளிப்பை அடக்கி வைப்பது அந்த எச்சில்தான்.

வைக்கோல் மெள்ள நொதிக்கும். குழைந்த சோறும் வெல்லமும் அப்படியல்ல. குண்டான் கணக்கில் உள்ளே போனால் சில மணி நேரத்தில் புளித்துப் பொங்கிவிடும். தயிரில் இருக்கும் அதே லாக்டிக் அமிலம் அளவுக்கு மீறிப் பெருகி, நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். அசை நின்று போகும், கழிச்சல் காணும், உடம்பிலுள்ள நீரெல்லாம் வயிற்றுக்குள் இழுபட்டு மாடு எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடும். கவனிக்காவிட்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. கல்யாண வீட்டு மிச்சச் சோற்றை மாட்டுத் தொட்டியில் கொட்டுகிறோமே, அதுவும் இதே கதைதான்.

இரண்டாவது அறையின் உட்புறம் தேன்கூடு மாதிரி இருக்கும். மாட்டின் நாக்கு நம்மைப் போல முள், கல் பார்த்துப் பிரிப்பதில்லை. காய்கறித் தோலோடு போன ஊக்கு, ஆணி, கம்பித்துண்டு எல்லாம் இங்கேதான் தங்கும். இதற்கு முன்னால் உதரவிதானம். அதற்கப்பால் சில விரற்கடை தூரத்தில் இருதயம்! வயிறு சுருங்கும் போதெல்லாம் கம்பி முன்னேறி இருதயத்தையே குத்திவிடுவதுண்டு. இதற்காக மாட்டை ஒரு சிறு காந்தத்தை விழுங்க வைத்து, வயிற்றிலேயே விட்டுவிடுகிறார்கள் டாக்டர்கள்.

மூன்றாவது அறை புத்தக ஏடுகள் போன்றது, நீரை உறிஞ்சும். நாலாவதுதான் நம் இரைப்பை போன்றது.

பிளாஸ்டிக் பையோ, மேலேயும் வராது, கீழேயும் போகாது. 2019 அக்டோபரில் சென்னையில் ஒரு பசுவுக்கு ஆபரேஷன் செய்து 52 கிலோ பிளாஸ்டிக்கை வெளியே எடுத்தார்கள். அதே வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒரு தடவை உபயோகித்துத் தூக்கி எறியும் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை! சட்டம் என்னவோ வந்துவிட்டது, மிச்சச் சாம்பார் சாதத்தைப் பையில் முடிச்சுப் போட்டுத் தெருமுனையில் வைக்கும் நம் கைதான் இன்னும் நிற்கவில்லை.

வீட்டில் மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வையுங்கள். நல்ல மாட்டுக்கு இரண்டு நிமிஷத்தில் இரண்டு மூன்று முறை வயிறு அசைந்து கையைத் தள்ளும். அசைவே இல்லை, அல்லது பள்ளம் மேடாகி மத்தளம் போல் ஊதியிருக்கிறது என்றால் தாமதிக்கக் கூடாது. ஏப்பம் விட முடியாமல் வாயு அடைத்து நுரையீரலை நெருக்கும். "எண்ணெய் ஊத்தினா சரியாப் போயிடும்" என்று யாராவது நாக்கை இழுத்துப் பிடித்துக் கொண்டு ஊற்ற விடாதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு: வெள்ளிக்கிழமைப் பொங்கலை நிறுத்த வேண்டாம். ஒரு கைப்பிடி உருண்டை போதும். தூக்கில் மீதியைக் குழந்தைகளுக்குக் கொடுங்கள். பசுவுக்கு ஒரு கட்டு புல் வாங்கிப் போடுங்கள்.