கடற்காற்றும் கொங்குநாட்டு மில்களும்

கடலில் காற்றாலைகளை மிதக்கவிட்டு மின்சாரம் எடுக்கும் தொழில், கடலே இல்லாத கோயமுத்தூருக்கு எதற்கென்று கேட்பாருண்டு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை உடுமலைப்பேட்டையிலும் பல்லடத்திலும் பிடித்து, அதைக் கொண்டே கதிர்களைச் சுழற்றிய நமது மில்காரர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். அக்காற்று வைகாசி முதல் புரட்டாசி வரையில்தான் பலமாக வீசும். மில்லோ வருஷம் முழுவதும் ஓடவேண்டும். கடற்காற்றுக்கு வேகமும் நிதானமும் அதிகம்.

சுமார் அறுபது மீட்டர் ஆழம் வரையில் கடலடியிலேயே காற்றாலையை நாட்டிவிடலாம். அதற்கு மேற்பட்டால், மிதவைமேல் நிறுத்தி நங்கூரச் சங்கிலியால் பிணிக்கவேண்டும். ஸ்காட்லாந்தில் பீட்டர்ஹெட் துறைக்கு அப்பால் 2017-ல் இவ்வாறு ஐந்து யந்திரங்கள், 30 மெகாவாட் சக்தியுடன், ஓடத்தொடங்கின. வித்தை பலித்துவிட்டது, விலைதான் இன்னும் இறங்கவில்லை.

நம் நாட்டில் நடந்ததென்ன? கடலடியில் நாட்டும் காற்றாலைகளுக்காக 2024-ல் மத்திய சர்க்கார் 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டத்தை அங்கீகரித்தார்கள். தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட், குஜராத்துக்கும் அவ்வளவே. இதற்குப் புறம்பாக நமது கடலில் 4,000 மெகாவாட்டுக்கு இடம் குத்தகைவிட டெண்டர் கோரினார்கள். சர்க்கார் உதவி கிடையாது. மின்சாரத்தை வாங்குவோரையும் குத்தகைதாரரே தேடிக்கொள்ளவேண்டும். 2025-ல் அந்த டெண்டர் ரத்தாயிற்று. நமக்கு இதில் வியப்பில்லை. வாங்குவோன் யாரென்று தெரியாமல் கோடிகளைக் கடலில் இறக்க எந்த முதலாளி துணிவான்?

வாங்கக்கூடியவர்கள் நமது மில்காரர்களே. சிலர் அந்நாளில் காற்றை நம்பியதைவிட வருமானவரித் தேய்மானச் சலுகையை நம்பியே காற்றாலை நாட்டினார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. அவர்கள் நாட்டிய 225, 250 கிலோவாட் யந்திரங்கள் பல இன்றும் நல்ல காற்றுள்ள நிலங்களை அடைத்து நிற்கின்றன. அவற்றைப் பெயர்த்துப் பெரிய யந்திரங்களை வைப்பது கடலில் இறங்குவதைவிட மலிவு. முதல் வேலை அதுவே. இரண்டாவது, ஆழங்குறைந்த மன்னார் வளைகுடா. மிதவைக் காற்றாலை அதற்குப் பிற்பாடு.

வளைகுடாவில் இறங்குமுன், அதையே வயலாகக் கொண்டு பிழைக்கும் மீனவரைக் கலந்து பேசவேண்டும்; குத்தகை எழுதியபின் பேசுவது பேச்சாகாது. மில்கள் பல சேர்ந்து இருபது வருஷத்துக்கு மின்சாரம் வாங்க ஒப்பந்தம் செய்ய முன்வரவேண்டும். அவர்கள் முன்வருவதற்கோ, மின்சாரத்தைக் கம்பிவழி கொண்டுவரும் கட்டணம் அந்த இருபது வருஷத்துக்கும் எவ்வளவென்று தெரியவேண்டும். மறு டெண்டர் கோருவதற்கு முன்னரே சென்னை சர்க்கார் இதை அறிவிப்பார்களா?