குளிர்காய்ச்சல் போனது யாரால்?

சென்ற வாரம் பிள்ளைச்சாவடியில் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தோம். எண்பது வயதைத் தாண்டியவர். புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த நாளில் தம் தமக்கையார் முறைக்காய்ச்சலில் மாண்டதைச் சொன்னார். "ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுக்கம் வரும் தம்பி, எத்தனை போர்வை போட்டாலும் நிற்காது. இப்போ அந்தக் காய்ச்சலே ஊரில் இல்லை. அம்மன் கோபம் தணிஞ்சுபோச்சு" என்றார். கூட இருந்தவர்களும் தலையாட்டினார்கள்.

பெரியவர் மேல் நாம் குறை சொல்ல வரவில்லை. அந்தக் காய்ச்சலின் சுபாவமே மந்திரக்காரனுக்கு அனுகூலமானது. இன்று குலுக்கிப்போட்டால் நாளை தானே விட்டுவிடும். இன்று கயிறு கட்டுகிறான். நாளை காய்ச்சல் இல்லை. தட்சணை கைக்கு வந்துவிடுகிறது. மறுநாள் திரும்பவும் நடுக்கம் வந்தால், "தீட்டுப் பட்டுவிட்டது, இன்னொரு கயிறு கட்டு" என்கிறான்! இப்படி முறை வைத்து வரும் வியாதியைப்போல் பித்தலாட்டத்துக்கு ஏற்ற சரக்கு வேறு கிடைக்குமா? சிவன் கோயில்களில் மூன்று தலை, மூன்று காலோடு ஜுரத்துக்கென்றே ஒரு சாமியும் நின்றுகொண்டுதான் இருந்தது. அதனால் காய்ச்சல் குறைந்ததா?

வெள்ளைக்காரன் மட்டும் என்ன வாழ்ந்தான்? மலேரியா என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் அர்த்தம். 1880-இல் அல்ஜீரியாவில் லவேரான் என்ற பிரெஞ்சு ராணுவ வைத்தியர் நோயாளியின் ரத்தத்தில் கிருமியைக் கண்டார். 1897-இல் நம் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் அந்தக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். கோபம் அம்மனுடையதுமல்ல, காற்றினுடையதுமல்ல என்பது அதோடு தீர்ந்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். சுயராஜ்யம் வந்த சமயத்தில் இந்தியாவில் சுமார் 33 கோடி ஜனங்கள். அவர்களில் வருஷத்துக்கு ஏழரைக் கோடிப் பேர் இந்தக் காய்ச்சலில் விழுந்தார்கள், 8 லட்சம் பேர் செத்தார்கள் என்று மதிப்பிட்டார்கள். 1953-இல் சர்க்கார் வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. அடிக்கத் தொடங்கிற்று. கடித்த கொசு சுவரில் உட்காரும், உட்கார்ந்தால் சாகும், சங்கதி அவ்வளவுதான். 1961-இல் கணக்கில் வந்த நோயாளிகள் ஏறக்குறைய 50,000 பேர். முந்தியது மதிப்பு, பிந்தியது ரத்தம் சோதித்து எண்ணியது. ஆகவே இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டோம். ஆனாலும் காய்ச்சல் வீழ்ந்தது நிஜம்.

பிறகு நடந்ததுதான் வெட்கக்கேடு. "ஒழிந்தது" என்று அதிகாரிகள் கையைத் தட்டிக்கொண்டார்கள். பணம் குறைந்தது, காவல் தளர்ந்தது, கொசுவும் மருந்துக்குப் பழகிக்கொண்டது. 1976-இல் 64 லட்சம் பேர்! இலங்கையில் இதைவிட மோசம். 1934-35-இல் சுமார் 80,000 பேரைப் பலிகொண்ட காய்ச்சல் 1963-இல் 17 பேராகச் சுருங்கியது. மருந்தடிப்பதை நிறுத்தினார்கள், 1969-இல் ஐந்து லட்சத்துக்கு மேல் போயிற்று. மறுபடி பாடுபட்டு, 2012-க்குப் பின் உள்ளூரில் ஒருவருக்கும் பரவாமல் செய்து, 2016-இல் உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றும் வாங்கினார்கள். 1963-இல் தணிந்த கோபம் 1969-இல் ஏன் மூண்டது என்று அம்மன் பேரைச் சொல்லுகிறவர்கள் பதில் சொல்லட்டும். பகுத்தறிவு பேசும் நாமும் அப்போது தூங்கியவர்களோடு சேர்ந்தவர்கள்தான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இன்று இந்தியாவில் மிஞ்சியிருக்கும் மலேரியா பெரும்பாலும் காட்டிலும் மலையிலும் குடியிருக்கும் ஏழைகளிடந்தான். பூர்வஜென்ம வினை என்பார்கள். ஒரிசாவில் 2016-இல் 4 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு வந்தது. மருந்து தோய்த்த கொசுவலைகளை வீடுவீடாகக் கொடுத்து, எட்டாத குக்கிராமங்களுக்கு ஆள் போய் ரத்தம் சோதித்து மருந்து தந்த பிறகு, 2018-இல் 70,000-க்குள் வந்துவிட்டது. இரண்டே வருஷத்தில் கரைகிற வினை என்ன வினையோ! வலை போகாத இடத்துக்குத்தான் வினை போகிறது போலும்.

நம் புதுச்சேரியிலேயே 1975 முதல் கொசு ஆராய்ச்சிக்கென்று சர்க்கார் நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் பேர் தெரியாதவர்களுக்கும் காய்ச்சலுக்குக் கயிறு கட்டுகிறவன் வீடு தெரிகிறது. குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தம் சோதியுங்கள். வைவாக்ஸ் என்ற வகையானால் 14 நாள் மாத்திரை தருவார்கள். மூன்றாம் நாள் சுகமானதும் மிச்சத்தைப் பரணில் போடாதீர்கள். கிருமி ஈரலில் ஒளிந்திருந்து சில மாதம் கழித்துக் கிளம்பும். அப்போது செய்வினை என்பீர்கள்.

பெரியவர் வீட்டு வாசலில் மூடியில்லாத தண்ணீர் டிரம் ஒன்று இருந்தது. எட்டிப் பார்த்தோம், புழுக்கள் நீரில் தலைகீழாகத் தொங்கின. மலேரியாக் கொசுவின் புழு அப்படித் தொங்காது, நீர்மட்டத்தோடு படுத்துக் கிடக்கும். "இது வேறு கொசு பெரியவரே, வேறு காய்ச்சல்" என்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. பேரனைக் கூப்பிட்டு டிரம்மைக் கவிழ்க்கச் சொன்னார்.