கிராஃப் என்பது எட்டு மார்க் மட்டும்தானா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு விசேஷ வீட்டில் என் பழைய மாணவன் ஒருவனைப் பார்த்தேன். பெயர் வேண்டாம். அவன் மகள் இப்போது பத்தாம் வகுப்பு. "சார், உங்க வகுப்புல அட்டையில நூல் கோத்து விளையாண்டோம், நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப பிள்ளைகளுக்கு அதுக்கெல்லாம் ஏது சார் நேரம்? கிராஃப்ல எட்டு, ஜியாமெட்ரில எட்டு. அதை மட்டும் உருப்போட்டா பாதிப் பாஸ்" என்றான்.

அவன் சொன்ன கணக்கு சரி. 35க்கு 16 என்றால் கிட்டத்தட்ட பாதிதான். அந்தப் பிள்ளையிடம் நோட்டை வாங்கிப் பார்த்தேன். அழகான பரவளையம், அதை ஒரு நேர்கோடு இரண்டு இடத்தில் வெட்டுகிறது. விடையும் சரி. "ஏன் பாப்பா ஒரு சமன்பாட்டிலிருந்து இன்னொன்றைக் கழிச்சே?" என்று கேட்டேன். "அப்படித்தான் தாத்தா போடணும்." "வெட்டுற இடம் எப்படி விடை ஆச்சு?" பதில் இல்லை. அப்பாவைப் பார்த்தாள்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் டீச்சர் டிரெயினிங் டிப்ளமோ படித்த இடைநிலை ஆசிரியன். எட்டாம் வகுப்போடு என் எல்லை முடிந்தது. ஒருங்கமை சமன்பாடுகளை வரைபட முறை, பிரதியிடல் முறை, நீக்கல் முறை என்று ஒன்பதில்தான் முறையாக நடத்துவார்கள். ஆனால் கோடு வரைவது எட்டிலேயே வந்துவிடும். அங்கே அர்த்தம் புரியாவிட்டால் மேலே போய் எதை வெட்டினாலும் அது வெறும் கோடுதான்.

முதலில் என் தவறைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. கரும்பலகையில் உண்டியல் கணக்கு ஒன்று எழுதினேன். ஒருவனிடம் 30 ரூபாய், வாரம் 10 சேர்க்கிறான். இன்னொருவனிடம் 10 ரூபாய், வாரம் 15 சேர்க்கிறான். எந்த வாரம் இருவரிடமும் சமமாக இருக்கும்? நாலாவது வாரம், ஆளுக்கு 70 ரூபாய். கோடு வரைந்தால் அங்கேதான் வெட்டும். ஆனால் நான் கைதவறி இருவருக்கும் வாரம் 10 என்று எழுதிவிட்டேன். ஒரு பையன் எழுந்து, "சார், ரெண்டு கோடும் வெட்டவே மாட்டேங்குது" என்றான். "ஸ்கேலை ஒழுங்காப் பிடிடா" என்று அதட்டி உட்கார வைத்தேன்.

வீட்டுக்கு வந்துதான் புரிந்தது. இருவரும் ஒரே அளவு சேர்த்தால் 20 ரூபாய் வித்தியாசம் என்றைக்கும் மாறாது. கோடுகள் இணையாகத்தான் ஓடும். தீர்வே கிடையாது. அவன் படம் உண்மையைச் சொன்னது, வாத்தியார் பொய் சொன்னேன். மறுநாள் அதை வகுப்பில் ஒப்புக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. அவன் எட்டோடு நின்றுவிட்டான். தம்பி, எங்கிருந்தாவது இதைப் படித்தால், அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி.

அதற்குப் பிறகுதான் நூல் வந்தது. ராஜபாளையம் பக்கம் துண்டு நூலுக்கா பஞ்சம்? மில் வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டு வருவார்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் கிடையாகப் பத்து ஓட்டை, நெடுக்காகப் பத்து ஓட்டை, ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில். நெடுக்கே 10ஐக் கிடையில் 1உடன், 9ஐ 2உடன், 8ஐ 3உடன் சேர்த்துக்கொண்டே வாருங்கள். கூட்டினால் எப்போதும் 11. பத்தும் நேரான நூல்கள்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிவது ஒரு வளைவு. அந்த வளைவும் பரவளையம்தான். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. கணித மேதை ஜார்ஜ் பூலின் மனைவி மேரி எவரெஸ்ட் பூல் (1832–1916) குழந்தைகளுக்கு அட்டையில் தைத்துக் காட்டிய வித்தை. எவரெஸ்ட் சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்ட் அவருடைய அப்பாவின் சகோதரர்.

"படம் போட்டால் விடை துல்லியமாக வராது சார்" என்பவர்களுக்கும் அதே அட்டையில் பதில் இருக்கிறது. நடுவில் உள்ள இரண்டு நூல்களைப் பாருங்கள். ஒன்று 6 எக்ஸ் + 5 ஒய் = 30. மற்றது 5 எக்ஸ் + 6 ஒய் = 30. வெட்டும் இடத்தை ஸ்கேலில் அளந்தால் 2.7 வரும். 2.7ஆ, 2.8ஆ என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். அந்தச் சண்டை நடக்கும்போது நீக்கல் முறையைக் கையில் கொடுங்கள். 30/11 என்று வந்து நிற்கும். கேள்வி படத்திலிருந்து பிறந்தால்தான் முறைக்கு மரியாதை.

"கோலம் போடவா பள்ளிக்கூடம்?" என்று என்னைக் கேட்டவர்களும் உண்டு. மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் தெருக்களில் நடந்து பாருங்கள். புள்ளி வைத்து, எண்ணி, இழுக்கிறாள் நம் வீட்டுப் பெண். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் உழைத்தவர்களும் 1970களில் அதே கோலத்தை எடுத்து, கணினி மொழிக்குரிய இலக்கணம் போல ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை.

மெதுவாகப் படிக்கும் பிள்ளையை 35 எடுக்க வைக்கப் பாடுபடும் ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த 35 ஒரு குடும்பத்தின் கதவையே திறக்கும். ஆனால் அர்த்தத்தோடு சொல்லிக் கொடுத்தாலும் அதே எட்டு மார்க்தானே வரப்போகிறது? செலவு இரண்டு பீரியட், ஒரு கண்டு நூல்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வெட்டுற இடம் ஏன் விடை?" ஒரு கோடு என்பது ஒரு சமன்பாட்டுக்குப் பொருந்தும் எல்லாப் புள்ளிகளும் கூடி நிற்கும் இடம். இரண்டு கோட்டிலும் நிற்கும் புள்ளி இரண்டுக்கும் பொருந்தும். இவ்வளவுதான் விஷயம். தன் சொந்த வார்த்தையில் பிள்ளை இதைச் சொல்லிவிட்டால் போதும். சொல்லவில்லை என்றால் சோழபுரம் கூட்டி வாருங்கள். திண்ணையும் நூலும் தயாராக இருக்கிறது. காசு கிடையாது, காபி உண்டு.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்