முதலில் பிரேக், அப்புறம்தான் கியர்!

மலை சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்கும் கேள்வி என்ன?

"கியர் எத்தனை?"

இரண்டாவது கேள்வி, "விலை என்ன?"

அதற்குள் பையன் சக்கரத்தின் நடுவே மின்னும் தட்டைக் காட்டுகிறான். "அப்பா, டிஸ்க் பிரேக் இருக்கிறது!" என்று குதிக்கிறான். தகப்பனாரும் தலையை ஆட்டுகிறார். வியாபாரம் முடிந்துவிடுகிறது.

அந்தத் தட்டு எவ்வளவு பெரியது? அதைப் பிடிப்பது எது? அதை இழுப்பது கம்பியா, எண்ணெயா? இதை யாரும் கேட்பதில்லை.

கியர், மேடு ஏறுவதற்கு. பிரேக், பள்ளம் இறங்குவதற்கு. ஏற முடியாவிட்டால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம். அதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால், இறங்கும்போது பிரேக் பிடிக்காவிட்டால்?

உயிர் தொங்குவது கியரில் அல்ல, பிரேக்கில்!

கிரீஸ் புகைந்த கதை

மலை சைக்கிள் பிறந்த கதையே ஒரு பிரேக் கதைதான்.

அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. அங்கே ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு மண் பாதை. நீளம் சுமார் 2 மைல். அந்த 2 மைலில் பாதை சுமார் 1,300 அடி கீழே இறங்கிவிடும். அவ்வளவு செங்குத்து!

1976-ம் ஆண்டு அக்டோபர் மாதம், சில வாலிபர்கள் அந்தப் பாதையில் சைக்கிள் பந்தயம் தொடங்கினார்கள். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி ஆகியோர் அந்தக் கூட்டத்தில் பெயர் பெற்றவர்கள். அவர்கள் ஓட்டியவை பருத்த டயர் போட்ட பழைய சைக்கிள்கள்.

அந்தச் சைக்கிள்களில் பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிரேக் பிடிக்கும். பிரேக் பின் சக்கரத்தின் ஹப்புக்குள் இருந்தது. ஒரு தடவை மலையிலிருந்து இறங்கினால் போதும். ஹப் கொதிக்கும். உள்ளே இருக்கும் கிரீஸ் உருகிப் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு முறையும் ஹப்பைக் கழற்றிப் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டும். மறுபடியும் அடைப்பதை ஆங்கிலத்தில் "ரிபேக்" என்பார்கள். அந்தப் பாதைக்கே "ரிபேக்" என்று பெயர் வந்துவிட்டது!

கிரீஸ் ஏன் புகைந்தது?

சைக்கிளும் அதில் இருப்பவரும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,300 அடி என்பது சுமார் 400 மீட்டர். அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதும் சூடாக மாறினால், 1 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்.

அதில் ஒரு பங்கு எதிர்க் காற்றிலும் தரையிலும் போகும். மீதி அத்தனையும் பிரேக்கின் தலையில்தான் விழும்!

பிரேக் என்பது வேகத்தைச் சூடாக மாற்றும் கருவி. அந்தச் சூட்டைத் தாங்கினால் அது நல்ல பிரேக். தாங்காவிட்டால் அது வெறும் அலங்காரம்.

தட்டு வந்தது ஏன்?

சாதாரண சைக்கிளில் ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்கிறது. ஊர்ச் சாலைக்கு அது போதும். ஆனால் ரிம் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மழைத் தண்ணீரும் சேறும் அதில்தான் முதலில் ஒட்டும். ஈர ரிம்மில் கட்டை வழுக்கும். சக்கரம் கோணலானால் பிரேக்கும் கோணலாகும்.

டிஸ்க் பிரேக்கில் அந்தத் தொல்லை குறைவு. ஹப்பை ஒட்டி ஓர் உருக்குத் தட்டு சுற்றுகிறது. இரண்டு பேட்கள் அதை இருபுறமும் அழுத்துகின்றன. தட்டு தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால் சேறு அவ்வளவாக ஒட்டாது. தட்டில் ஓட்டைகள் இருப்பதால் காற்றுப் பட்டுச் சூடும் ஆறும்.

கார்ப் பந்தயத்தில் இந்த பிரேக் முன்பே புகழ் பெற்றுவிட்டது. 1953-ல் பிரான்சில் நடந்த லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் கார் வென்றது. அதில் இருந்தது டிஸ்க் பிரேக். மலை சைக்கிள்களில் அது 1990-களில்தான் பரவத் தொடங்கியது. இப்போது குறைந்த விலைச் சைக்கிளிலும் தட்டு மின்னுகிறது.

தட்டு மின்னினால் போதுமா? போதாது!

கம்பியா? எண்ணெயா?

டிஸ்க் பிரேக் இரண்டு வகை.

ஒன்று, கம்பி இழுப்பது. விலை குறைவு. பழுது பார்ப்பதும் எளிது. ஆனால் பேட் தேயத் தேய அடிக்கடி திருகிச் சரி செய்ய வேண்டும். கம்பியில் துரு ஏறினால் கை வலிக்கும், பிரேக் பிடிக்காது.

இன்னொன்று, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது. ஒரு விரலால் அழுத்தினாலும் பிடிக்கும். பேட் தேய்ந்தாலும் தானே சரி செய்துகொள்ளும். ஆனால் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் லிவர் பஞ்சு போல் அமுங்கும். காற்றை எடுக்கத் தெரிந்தவர் வேண்டும்.

இதில் ஓர் எச்சரிக்கை. எண்ணெயிலும் இரண்டு இனம் உண்டு. ஒன்று மினரல் ஆயில். மற்றது டாட் திரவம். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். எதை ஊற்ற வேண்டும் என்பது பெரும்பாலும் லிவரின் மூடியிலேயே எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் யாரும் பாட்டிலைத் திறக்கக் கூடாது.

முதலில் சின்னச் செலவு

"பிரேக் சரியில்லை" என்றதும் எல்லாவற்றையும் கழற்றி எறிய வேண்டியதில்லை. கைப்பணத்துக்கு ஏற்றபடி படிப்படியாகப் போகலாம்.

முதல் படி: கம்பி, அதன் மேல் உறை, பேட் இந்த மூன்றையும் மாற்றிப் பாருங்கள். பாதிக் குறை இதிலேயே தீர்ந்துவிடலாம். உறை அழுத்தத்தில் சுருங்காத நல்ல ரகமாக இருந்தால் கம்பி பிரேக்கே கெட்டியாகப் பிடிக்கும்.

பேட்டில் ரெசின் பேட், மெட்டல் பேட் என்று இரண்டு உண்டு. ரெசின் பேட் சத்தமில்லாமல் பிடிக்கும், சீக்கிரம் தேயும். மெட்டல் பேட் சூட்டையும் சேற்றையும் தாங்கும், சத்தம் போடும். குறைந்த விலைத் தட்டுகள் சிலவற்றில் "ரெசின் பேட் ஒன்லி" என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். அதில் மெட்டல் பேட் போட்டால் தட்டையே தின்றுவிடும்!

இரண்டாம் படி: முன் சக்கரத்துக்குப் பெரிய தட்டு. 160 மி.மீ. தட்டுக்குப் பதில் 180 மி.மீ. தட்டு போட்டால், அதே கை அழுத்தத்தில் பிடிப்பு எட்டில் ஒரு பங்கு கூடும். சூட்டையும் அதிகம் தாங்கும். பிரேக் போடும்போது பாரம் முன்னால் சாய்கிறது. வேலையில் பெரும்பங்கைச் செய்வது முன் பிரேக்தான். ஆகவே முன் சக்கரத்துக்கே முதல் மரியாதை.

மூன்றாம் படி: எண்ணெய் பிரேக். மலைப் பாதையில் அடிக்கடி இறங்குகிறவர்களுக்கு இது வீண் செலவு அல்ல. பள்ளிக்கும் கடைக்கும் போகிறவர்களுக்கு இது அவசியமும் அல்ல.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

புது பிரேக் எல்லாச் சைக்கிளுக்கும் பொருந்தாது. பணம் கொடுப்பதற்கு முன் ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

1. பிரேமிலும் முன் ஃபோர்க்கிலும் காலிப்பர் மாட்டும் இடம் இருக்கிறதா? இல்லாவிட்டால் ஆசையை விட்டுவிடுவதே நல்லது. வெல்டிங் வைத்து ஒட்டுவது ஆபத்து.

2. அந்த இடம் எந்த வகை? போஸ்ட் மவுண்ட் என்றால் திருகு ஓட்டைகளுக்கு இடையே 74 மி.மீ. இருக்கும். ஐ.எஸ். என்றால் 51 மி.மீ. இருக்கும். வகை மாறினாலும் தட்டின் அளவு மாறினாலும், நடுவில் வைக்கத் தனித் துண்டு வேண்டும்.

3. ஹப்பில் தட்டு எப்படி உட்காருகிறது? சிலவற்றில் ஆறு திருகுகள். சிலவற்றில் பல் வரிசையில் செருகி, மேலே ஒரு வளையம் பூட்டுவார்கள்.

4. ஃபோர்க் தயாரித்தவர் எவ்வளவு பெரிய தட்டை அனுமதிக்கிறார்? 180 மி.மீ.க்கு மேல் கூடாது என்றால் 203 மி.மீ. மாட்டக் கூடாது. பிடிப்பு கூடும்போது ஃபோர்க்கின் மேல் விழும் பாரமும் கூடும்.

5. கியர் லிவரும் பிரேக் லிவரும் ஒரே துண்டாக இருக்கின்றனவா? அப்படியானால் எண்ணெய் பிரேக்குக்கு மாறும்போது கியர் லிவரும் புதிதாக வாங்க வேண்டும். இந்தச் செலவைப் பலர் எதிர்பார்ப்பதில்லை.

எந்தக் கை லிவர் எந்தச் சக்கரத்துக்கு என்பதையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுப் பிரேக் சில சமயம் மாற்றி வரும். பழக்கப்பட்ட கைக்கு வேறு சக்கரம் பிடித்தால் ஆள் தலைகுப்புற விழ நேரிடும்.

மாட்டும் முறை

தட்டைக் கையால் தடவக் கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பசையே பேட்டைக் கெடுத்துவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும்.

ஆறு திருகுகளையும் வரிசையாக இறுக்கக் கூடாது. ஒன்றை இறுக்கியதும் அதற்கு எதிரில் இருப்பதை இறுக்க வேண்டும். நட்சத்திரக் கோலம் போடுவதுபோல!

காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, லிவரை அழுத்திப் பிடித்தபடியே இறுக்கினால், எண்ணெய்க் காலிப்பர் தட்டுக்கு நேராக உட்காரும். கம்பிக் காலிப்பர்கள் பலவற்றில் ஒரு பேட்தான் நகரும். அவற்றில் நகராத பேட்டை முதலில் தட்டின் பக்கத்தில் கொண்டுவர வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பது தயாரிப்பாளர் தரும் தாளில் இருக்கும். அளவு காட்டும் ஸ்பானர் இல்லாதவர்கள் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம்.

சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது எண்ணெய் பிரேக்கின் லிவரை அழுத்தக் கூடாது. அழுத்தினால் பேட்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை மறக்கவே கூடாது. சுற்றும் தட்டில் விரல் பட்டால் விரல் போய்விடும். தலைகீழாக நிறுத்திய சைக்கிளின் சக்கரத்தைக் குழந்தைகள் சுற்றி விளையாட விடாதீர்கள்.

புது பிரேக்கைப் பழக்க வேண்டும்

மாட்டிய அன்றே மலைக்குப் போகக் கூடாது. புதுத் தட்டும் புதுப் பேட்டும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும்.

நடமாட்டம் இல்லாத சமதளத்தில் மிதமான வேகத்தில் போய், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடை வேகத்துக்குக் குறைக்க வேண்டும். இப்படி 20 தடவை. பிறகு கொஞ்சம் கூடுதல் வேகத்தில் 10 தடவை. பேட்டின் பொருள் தட்டில் மெல்லிய படலமாக ஒட்டும். அதன் பிறகுதான் பிரேக்குக்கு முழுப் பலம் வரும்.

மாதம் ஒரு முறை பேட்டைப் பாருங்கள். தேயும் பகுதி அரை மி.மீ. அளவுக்குக் குறைவதற்குள் மாற்றிவிட வேண்டும். பல தட்டுகள் புதிதில் 1.8 மி.மீ. கனம் இருக்கும். 1.5 மி.மீ. ஆனால் அதற்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாமல் பிடித்துக்கொண்டே போகக் கூடாது. பிடித்து, வேகத்தைக் குறைத்து, விட்டுவிட வேண்டும். கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட சாலையில் நடுவே நின்று தட்டை ஆறவிடுவது கோழைத்தனம் அல்ல, புத்திசாலித்தனம்.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டும்

எத்தனை கியர் என்பதைச் சைக்கிளில் பெரிய எழுத்தில் ஒட்டுகிறார்கள். தட்டின் அளவு என்ன, எந்தப் பேட் போட வேண்டும், எவ்வளவு பெரிய தட்டு வரை மாட்டலாம் என்பதையும் அதே சீட்டில் தமிழில் எழுதி ஒட்டினால் என்ன? நாலு வரி போதும். செலவும் அதிகம் இல்லை.

பிரேக்கைப் பழக்கிக் கொடுத்த பிறகே சைக்கிளை விற்பனைக்கு வெளியே விடுவது இன்னும் நல்லது. அரைமணி நேர வேலைதான்.

பெற்றோருக்கும் ஒரு கடமை இருக்கிறது. 21 கியர் சைக்கிளுக்கு அடம் பிடிக்கும் பிள்ளைக்கு, கியர் குறைந்த, ஆனால் நல்ல பிரேக் உள்ள சைக்கிளை வாங்கிக் கொடுங்கள். பிள்ளை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். பரவாயில்லை!

வேகமாகப் போகிற பிள்ளையைப் பார்த்து ஊர் கைதட்டலாம். ஆனால், பத்திரமாக வீட்டு வாசலில் வந்து நிற்கிற பிள்ளையைப் பார்த்தால்தான் தாயின் வயிறு குளிரும்.