நான்காவது கோரிக்கை மனு: எங்கள் குடியிருப்புக்கு அங்கன்வாடி மையம்

அனுப்புநர்: செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம், கூவம் கரை, சென்னை.
பெறுநர்: குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் அவர்கள்.

பார்வை:
1. எங்கள் முந்தைய மூன்று மனுக்கள்.
2. உச்ச நீதிமன்ற உத்தரவு, ரிட் மனு (சிவில்) 196/2001, நாள் 13.12.2006.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு,

எங்கள் சங்கம் முறைப்படி பதிவு பெற்றது.

முதல் மனுவுக்கு ஒப்புகை மட்டும் வந்தது. இரண்டாவதற்கு, ‘பரிசீலனையில் உள்ளது’ என்றீர்கள். மூன்றாவதற்கு, இது ஆட்சேபகரமான புறம்போக்கு, ஆகவே மையம் அமைக்க இயலாது என்றீர்கள். மூன்றிலும் எழுதியதையே மறுபடி எழுதுகிறோம்.

இங்கு ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாற்பதுக்கும் மேல். பெயர், பிறந்த தேதியுடன் பட்டியல் இணைத்துள்ளோம். இருக்கிற பால்வாடி பிரதான சாலைக்கு அந்தப் பக்கம். தாய்மார் விடியற்காலையிலேயே வீட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவால் அந்தச் சாலையைக் கடக்க முடியாது. டீயில் தோய்த்த பன்னே பல பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு.

மாதந்தோறும் எங்கள் மகளிர் குழுவினர் கோயில் திண்ணையில் பிள்ளைகளை எடை போட்டு, மேற்கையில் நாடா சுற்றிப் பார்க்கிறார்கள். சென்ற மாதம் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்கு நாடா சிவப்பில் நின்றது; 11.5 செ.மீ.க்கும் கீழே. மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். வீடு திரும்பியதிலிருந்து முறைவைத்து முட்டை கொடுத்துவருகிறோம். ஊட்டச்சத்துக் குறைந்த பிள்ளைகளைக் கண்டறிந்து, அங்கன்வாடி வழியாக இலவச உணவு தருவது அரசின் கடமை என்கிறது 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. கண்டறியும் வேலையை நாங்களே செய்துவிட்டோம். உணவு தர மையம்தான் இல்லை.

பார்வை 2இல் கண்ட உத்தரவைத் தயவுசெய்து ஒருமுறை படியுங்கள். ஆறு வயதுக்குட்பட்டோர் 40 பேராவது இருந்து அங்கன்வாடி இல்லாத குடியிருப்பில், குடிசைவாழ் மக்கள் கேட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மையம் பெற உரிமை உடையவர்கள். பிள்ளைகளை எண்ணச் சொல்லும் அந்த வரி பட்டா கேட்கவில்லை. நாங்களும் கட்டிடம் கேட்கவில்லை. சங்க அறையை வாடகையின்றித் தருகிறோம். ஒரு பணியாளர், ஓர் உதவியாளர், ஓர் அடுப்பு போதும்.

எனவே கோருவது:
1. மேற்படி அறையில் அங்கன்வாடி மையம் திறத்தல்.
2. சத்துமாவு மாதந்தோறும் தவறாமல் வழங்குதல்.
3. வளர்ச்சிக் கண்காணிப்பு அட்டைகள் வழங்குதல்.
4. குடற்புழு நீக்க முகாமை இங்கேயே நடத்துதல்.

மூன்று மாதக் கெடுவை இந்த மனுவின் தேதியிலிருந்து எண்ண வேண்டாம். முதல் மனுவின் ஒப்புகைச் சீட்டு நகலை இணைத்துள்ளோம். அதிலுள்ள தேதியிலிருந்து எண்ணுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்