மண் ரோடு ஏறினா சர்க்கஸா?

"ரோடு சைக்கிள் பந்தயத்துக்கு மண் ரோடு எதுக்கு, சர்க்கஸ் காட்டவா?" என்று கேட்கும் மக்களே, கொஞ்சம் இத்தாலிப் பக்கம் வாங்க.

கொல்லே டெல்லே ஃபினெஸ்த்ரே. சுமார் 18 கிலோமீட்டர் ஏற்றம், சராசரிச் சரிவே 9 சதவீதத்துக்கு மேல். கடைசி 8 கிலோமீட்டர் வெறும் மண். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் வழுக்கும், உட்கார்ந்தேதான் ஏறணும். வேகம் குறைவு என்பதால் அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தும் பெரிய லாபமில்லை. எவ்வளவு பெரிய அணியானாலும் கடைசியில் தனி ஆள்தான்!

2018 ஜிரோவில் முதலிடத்தில் இருந்த சைமன் யேட்ஸ் இங்கேதான் நொறுங்கினார். அன்று மட்டும் 38 நிமிடம் போச்சு. 2025-ல் அதே மலையில் தனியாகப் பிரிந்து போய் ஜிரோவையே வென்றார். ஏழு வருடக் கணக்கு தீர்ந்தது.

இதுக்குப் பேர் சர்க்கஸ்னா, எனக்கு முதல் வரிசையில் ஒரு டிக்கெட் எடுத்து வையுங்க!