கள் உரிமம் யாருக்கு?

ஒரே பனை. ஒரே பாளை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் கிடைப்பது பதநீர். தடவாமல் கட்டினால் கள்!

உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துச் சிறுவர்களுக்கும் இது தெரியும். பதநீரைக் குழந்தைக்குக் கொடுக்கலாம். விடிலியில் காய்ச்சினால் கருப்பட்டி. கள் இறக்கினாலோ வழக்கு!

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. ஆனால் 2003 முதல் பிராந்தியையும் விஸ்கியையும் டாஸ்மாக் கடைகளில் அரசே விற்கிறது. "ஆலைச் சரக்குக்கு அனுமதி, என் பனைக்கு மட்டும் தடையா?" என்று பனையேறிகள் கேட்கிறார்கள். 2025 ஜூனில் பெரியதாழையில் கள் இறக்கும் போராட்டமே நடந்தது.

கேள்வி நியாயமானது. ஆனால், "கள் வெறும் உணவுதான்" என்று சிலர் சொல்வதை நாம் ஒப்பவில்லை. கள்ளிலும் போதை உண்டு. நேரம் ஆக ஆகப் புளிப்பு ஏறும். கூலியைக் குடித்துத் தீர்த்துவிட்டு வெறுங்கையோடு கணவன் வந்தால், அது பனையில் இறங்கியதா, ஆலையில் வடித்ததா என்று மனைவி பார்த்துக்கொண்டிருப்பாளா?

ஆகவே, தடையை நீக்குவதானால், உரிமம் யாருக்கு என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

வெள்ளைக்காரன் காலத்தில் கள்ளுக்கடைகளை ஏலம் விட்டார்கள். பணம் உள்ளவர் கடையை எடுத்தார். மரம் ஏறியவர் கூலியாள் ஆனார். ஏலத்தில் கட்டிய பணத்தை எப்படியாவது எடுக்க வேண்டுமே! கள்ளில் தண்ணீரும் மற்றதும் சேர அது போதாதா? இன்று கேரளாவில் கள்ளுக்கடைகள் உண்டு. சித்தூர் வட்டாரத்தில் இறக்கும் கள், வண்டியேறிப் பல மாவட்டங்களுக்குப் போகிறது. தூரம் கூடினால் கலப்படத்துக்கும் வழி கூடும்.

ஆகையால் கடையே வேண்டாம். மரத்தடியிலேயே விற்கட்டும். மரத்துக்கு எண் போடுங்கள். காலையில் இறக்கியது உச்சிப்பொழுதுக்குள் தீர வேண்டும். மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். சிறுவர்களுக்குக் கொடுத்தால் உரிமம் ரத்து. பனை எங்கும் ஓடிவிடாது. அதிகாரிகள் சோதனை போடுவதும் சுலபம்.

உரிமம் ஏறுகிறவர் பெயரில்தான் இருக்க வேண்டும். இங்கே பல இடங்களில் மரம் ஒருவருக்குச் சொந்தம். பாட்டத்துக்கு எடுத்து ஏறுகிறவர் வேறு ஒருவர். தோப்புக்காரர் பெயரில் உரிமம் எழுதினால், பழைய ஏலம்தான் வேறு வேஷத்தில் வந்ததாக ஆகும். விழுந்தால் இடுப்பு ஒடிவது ஏறுகிறவருக்குத்தானே?

மாசி, பங்குனியில் பாளை சீவத் தொடங்குவார்கள். அதற்கு முன்பே அரசு தன் முடிவைச் சொல்லட்டும்.